எண்களின் மொழியறிந்த அடா லவ்லேஸ்

கம்ப்யூட்டர் படிப்பும் கேம் உருவாக்கும் வேலையும் ஆண்பிள்ளைகளுக்கு உரியவை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்தத் துறையின் தொடக்கத்தைத் தேடிப் போனால், நாம் முதலில் சந்திக்கும் சிலருள் ஒரு பெண்ணும் இருக்கிறார். அவர்தான் இங்கிலாந்தைச் சேர்ந்த அடா லவ்லேஸ்.

1815 டிசம்பர் 10 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற கவிஞர் பைரன். குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே பெற்றோர் பிரிந்தனர். தந்தையின் முகத்தை அடா அதன்பின் பார்க்கவே இல்லை. தந்தையின் கட்டற்ற குணம் மகளுக்கும் வந்துவிடுமோ என்று தாய் அஞ்சினார். அதனால் சிறு வயதிலிருந்தே ஆசிரியர்களை வீட்டுக்கு வரவழைத்துக் கணிதம் கற்பித்தார். காரணம் அச்சம்தான் என்றாலும், அதனால் மகளுக்குக் கிடைத்தது கல்வி. 13 வயதில் அம்மை நோய் தாக்கி, நெடுநாள் படுக்கையில் கிடந்தார். பின் ஊன்றுகோலுடன் நடந்தார். அப்போதும் படிப்பு நிற்கவில்லை.

1833இல் சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞரைச் சந்தித்தார். அப்போது அவருக்கு வயது 17. கணக்குகளைத் தானே போடும் இயந்திரம் ஒன்றைப் பாபேஜ் வடிவமைத்துக்கொண்டிருந்தார். அடா 1835இல் மணமுடித்து மூன்று பிள்ளைகளுக்குத் தாயானார். குடும்பப் பொறுப்புகளுக்கு இடையிலும் டி மார்கன் என்ற பேராசிரியரிடம் உயர்கணிதம் பயின்றார். மாணவியின் திறமையை மெச்சிய அதே ஆசிரியர், இவ்வளவு கடுமையான சிந்தனையைப் பெண்ணின் உடல் தாங்காது என்று அவருடைய தாயை எச்சரிக்கவும் செய்தார். அந்தக் காலத்தின் நிலை அது. ராயல் சொசைட்டி தன் உறுப்பினராகப் பெண்களை ஏற்றது 1945இல்தான்.

பாபேஜின் புதிய இயந்திரம் பற்றி இத்தாலியப் பொறியாளர் மெனப்ரியா பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை அடா மொழிபெயர்த்தார். அதோடு தம் குறிப்புகளையும் சேர்த்தார். மூலக் கட்டுரையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீண்ட அந்தக் குறிப்புகள் 1843இல் அச்சாயின. பெர்னூலி எண்களை இயந்திரம் எப்படிப் படிப்படியாகக் கணக்கிடும் என்பதற்கான அட்டவணை அவற்றில் உண்டு. அச்சில் வந்த முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று பலரும் குறிப்பிடுவது அதைத்தான். அதில் பாபேஜின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

இப்படிப் படிப்படியாக வகுக்கும் முறைக்கு அல்காரிதம் என்று பெயர். பக்தாதில் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. அறிவு எந்த ஒரு சமூகத்துக்கும் தனிச்சொத்து அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அடா அதற்கு மேலும் ஒன்றைக் கண்டார். விதிகளுக்குள் அடங்கும் எதையும், இசையைக்கூட, குறியீடுகளாக மாற்றினால் இயந்திரம் அதைக் கையாள முடியும் என்றார். இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியில் ஓடும் விளையாட்டின் படமும் ஒலியும் எண்களாகவே இயங்குகின்றன. தானாக எதையும் புதிதாகப் படைக்கும் உரிமையை இயந்திரம் கோர முடியாது என்றும் எழுதினார். செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சில் அந்தக் கருத்து இன்றும் அலசப்படுகிறது.

அவர் குறையற்றவர் அல்லர். குதிரைப் பந்தயச் சூதில் பெரும் பணத்தை இழந்தார். எவ்வளவு கூர்மையான அறிவும் அந்தப் பழக்கத்திலிருந்து தானாகக் காப்பாற்றிவிடாது. 1852 நவம்பர் 27 அன்று, 36 வயதில், புற்றுநோயால் இறந்தார். பாபேஜின் அந்த இயந்திரமும் முழுமை பெறவில்லை. குறிப்புகளின் கீழ் அடாவின் முழுப்பெயர்கூட இல்லை, ஏ.ஏ.எல். என்ற எழுத்துகளே இருந்தன. நூறாண்டுகளுக்குப் பின் உலகம் அவரை மீண்டும் கண்டுகொண்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவான கம்ப்யூட்டர் மொழிக்கு அடா என்றே பெயர் வைத்தார்கள்.

அடாவுக்கு வசதியான குடும்பம் இருந்தது, வீடு தேடி வரும் ஆசிரியர்கள் இருந்தார்கள். கல்லூரியின் கதவுதான் அவருக்குத் திறக்கவில்லை. நம் பெண்மக்களுக்கு அந்தக் கதவு இன்று திறந்திருக்கிறது. கணக்கில் ஆர்வம் காட்டும் மகளிடம் இது உனக்கு எதற்கு என்று கேட்கும் முன், அவளுக்கு எது தேவை என்று பெற்றோராகிய நாம் கேட்போம்.