சிசுக்களின் காவலர் தார்னியே

பிறந்த குழந்தைக்குப் பாலருந்தக் கற்றுக் கொடுப்பார் எவருமில்லை. தாயின் மார்பில் வாய் வைத்ததும் அது தானாகவே உறிஞ்சுகிறது, விழுங்குகிறது, இடையிடையே மூச்சும் விடுகிறது. இம்மூன்றையும் ஒன்றோடொன்று மோதாமல் செய்யும் திறமை இறைவன் அதற்கு அளித்த அருங்கொடை. ஆனால் இத்திறமை கருவறையில் இருக்கும் கடைசி வாரங்களில்தான் முழுமை அடைகிறது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிடும் குழந்தைக்கு உறிஞ்ச வலுவிராது. நம் வீடுகளில் பாலாடையைக் கொண்டு சிறிது சிறிதாகப் புகட்டுவார்கள். விழுங்கத் தெரிந்த பிள்ளைக்கு அது உதவும். விழுங்கவும் இயலாத பிள்ளைக்கோ, அந்தப் பாலே மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கு உலை வைத்துவிடும். கையில் பால் இருந்தும் பிள்ளையின் பசியை ஆற்ற வழியறியாது கண்ணீர் வடித்த தாய்மார் எத்தனை எத்தனை பேர்!

இன்று மருத்துவமனைகளில் அத்தகைய குழந்தைகளுக்கு மெல்லிய குழாய் ஒன்றின் வழியாக நேரே இரைப்பைக்குள் பால் செலுத்துகிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு இவ்வழக்கத்தை ஒரு பெரிய மருத்துவமனையில் முறைப்படி நிலைநாட்டி, அதன் பயனையும் அபாயத்தையும் உலகுக்கு எடுத்துரைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் ஸ்தெஃபான் தார்னியே. மருத்துவ உலகில் புகழ்பெற்ற அப்பெருமகனாரின் வாழ்க்கையை நாமும் அறிந்துகொள்வோம்.

இளமையும் கல்வியும்

தார்னியே 1828-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், அய்சரே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஒரு கிராம மருத்துவர். தீஜோன் நகரில் பள்ளிப்படிப்பை முடித்த தார்னியே, தந்தையின் தொழிலையே தாமும் மேற்கொள்ள விரும்பிப் பாரிஸ் மாநகருக்குச் சென்று மருத்துவம் பயின்றார்.

1856-இல் பாரிஸ் மகப்பேற்று மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தார். அம்மருத்துவமனைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. ஒரு காலத்தில் அது போர்-ரோயால் கன்னியர் மடமாக விளங்கிய கட்டடம். பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறைச்சாலையாயிற்று. அதன்பின் ஏழைத் தாய்மாரின் பிரசவ மருத்துவமனையாயிற்று. இளம்பெண்களுக்கு மருத்துவச்சித் தொழில் கற்பிக்கும் புகழ்பெற்ற பள்ளியும் அங்கேயே இயங்கி வந்தது.

கன்னியர் செபித்த அக்கூடங்களில் தார்னியே கண்ட காட்சி நெஞ்சை உருக்குவதாக இருந்தது. சுகமாகப் பிள்ளை பெற்ற தாய்மார் இரண்டொரு நாளில் கடுங்காய்ச்சல் கண்டு, வயிறு வீங்கி, ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். பிரசவ ஜுரம் என்று அதற்குப் பெயர். காற்றின் கேடு என்றார் சிலர். தாயின் உடல்வாகு என்றார் சிலர். விதியென்று வாளாவிருந்தார் பலர்.

எண்ணிப் பார்த்த இளைஞர்

தார்னியே விதியை நோகவில்லை. அவர் எண்ணத் தொடங்கினார். மருத்துவமனையில் இறந்த தாய்மாரின் தொகையை, அதே வட்டாரத்தில் தத்தம் வீடுகளிலேயே பிள்ளை பெற்றவர்களின் தொகையுடன் ஒப்பிட்டார். மருத்துவமனையில் சாவு ஏறத்தாழ 17 மடங்கு அதிகம் என்பது தெரிந்தது. பாதுகாப்பை நாடி வந்த இடமே பலிபீடமாகிவிட்டது! நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது என்று 1857-இல் தம் பட்ட ஆய்வேட்டில் அவர் எழுதினார். அப்போது அவருக்கு வயது 29.

1867-இல் அதே மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார். நோயுற்றவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்தார். ஒவ்வொரு தாய்க்கும் வெளியிலிருந்தே வழி அமைந்த தனி அறைகள் கொண்ட ஒரு கட்டடத்தை 1876-இல் திறக்கச் செய்தார். பின்னர்க் கார்பாலிக் அமிலம் முதலிய கிருமிநாசினிகளைக் கையாண்டார். முன்பு 100 தாய்மாரில் 9 பேருக்கு மேல் இறந்த அவ்விடத்தில், பிரித்து வைக்கும் முறையால் அத்தொகை 2-க்குச் சற்று மேலாகக் குறைந்தது. கிருமிநாசினி வந்தபின் ஏறத்தாழ 1 ஆயிற்று. கடினமான பிரசவங்களில் பிள்ளையை எடுக்க உதவும் ஆயுதத்தையும் 1877-இல் திருத்தி அமைத்தார்.

இத்துடன் நின்றிருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் தாய் பிழைத்த படுக்கையருகே மற்றொரு துயரம் காத்திருந்தது.

கோழிக்குஞ்சு காட்டிய வழி

மாதம் நிறையாமல் பிறந்த சிசுக்களைப் பற்றி அக்காலத்தில் யாரும் பெரிதாகக் கவலை கொள்வதில்லை. அவசர ஞானஸ்நானம் கொடுத்து, துணியில் சுற்றி, கணப்பருகே வைத்துவிட்டு முடிவை எதிர்பார்த்திருப்பார்கள். அவை பிழைக்கப் பிறந்தவையல்ல என்பது பொதுவான எண்ணம். ஆனால் 1870-71 போரில் தோற்ற பிரான்சு, குறைந்து வரும் தன் பிறப்பு விகிதத்தைக் கண்டு அஞ்சியது. ஒவ்வோர் உயிரும் நாட்டுக்கு வேண்டும் என்ற நினைவு பரவிற்று. தார்னியேவுக்கோ நாட்டின் கணக்கைவிடக் கண்முன் குளிர்ந்து விறைக்கும் பச்சிளம் உடலே பெரிதாகப்பட்டது.

பாரிஸ் நகரின் மிருகக்காட்சித் தோட்டம் ஒன்றில், சூடேற்றிய பெட்டிக்குள் முட்டைகளை அடைவைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்வதை அவர் ஒருநாள் கண்டார். கோழிக்குஞ்சுக்கு உதவும் சூடு மனிதக் குஞ்சுக்கு ஏன் உதவாது? தோட்டத்தில் அப்பணியைக் கவனித்து வந்த ஒதில் மார்த்தேன் என்பவரிடமே ஒரு பெட்டி செய்து தரும்படி கேட்டார். இரட்டைச் சுவரும் இடையில் மரத்தூளும் வைத்த மரப்பெட்டி அது. மேலே கண்ணாடி மூடி. கீழே வெந்நீரின் சூடு. 1881 முதல் மருத்துவமனையில் குழந்தைகளை அதில் வைத்துக் காத்தனர். 2 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த 100 குழந்தைகளில் முன்பு 66 இறந்தன. பெட்டி வந்தபின் 38 இறந்தன.

பசிக்கு என்ன வழி?

குளிர் போயிற்று, பசி போகவில்லை. கதகதப்பான பெட்டிக்குள் கிடந்தும், உறிஞ்ச வலுவற்ற சிசுக்கள் நாளுக்கு நாள் இளைத்து ஓய்ந்தன. கரண்டியால் புகட்டினால் பாதி வழிந்தது. மீதி சில வேளை மூச்சை அடைத்தது.

குழாயின் மூலம் உணவு செலுத்துவது தார்னியேவின் புதுக் கண்டுபிடிப்பு அன்று. 1790-இலேயே லண்டன் மருத்துவர் ஜான் ஹன்ட்டர், விழுங்கும் சக்தியை இழந்த ஒரு மனிதருக்கு விலாங்கு மீனின் தோலால் செய்த குழாய் வழியே உணவூட்டியிருந்தார். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் சிசுவுக்கு, பல நாட்கள் தொடர்ந்து, இரவும் பகலும் அதைச் செய்ய முடியுமா?

தார்னியே மிருதுவான ரப்பர் குழாயொன்றை எடுத்தார். அதன் ஒரு முனையில் புனல்போலச் சிறு கண்ணாடிக் குவளையைப் பொருத்தினார். குழந்தையை மடியில் கிடத்தித் தலையைச் சற்றே உயர்த்தவேண்டும். நனைத்த குழாயை நாவின் அடிவரை கொண்டு சென்றால், குழந்தை இயல்பாகவே விழுங்க முயலும். அம்முயற்சியே குழாயை உணவுக்குழாய்க்குள் வழிநடத்தும். மெல்லச் செலுத்தினால் இரைப்பையை எட்டிவிடும். பிறகு குவளையில் பாலை ஊற்றினால் அது தானாகவே இறங்கும். சற்றுப் பொறுத்துக் குழாயைச் சட்டென்று வெளியே எடுத்துவிட வேண்டும். மெதுவாக இழுத்தால் பாலும் கூடவே மேலேறி வந்துவிடும்.

இம்முறைக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் வேடிக்கையானது. வாத்துகளையும் தாராக்களையும் கொழுக்கவைக்க வலிந்து தீனி திணிப்பதற்கு அவர்கள் வழங்கும் சொல்லையே இதற்கும் வைத்தார்கள். ஆனால் பெயரில் இருந்த திணிப்பு செயலில் இருக்கக் கூடாது என்பதில் தார்னியே மிகக் கண்டிப்பாக இருந்தார். பால் மிகுதியானால் குழந்தை அதிவேகமாக எடை கூடியது, பார்ப்பவர் மகிழ்ந்தனர். உற்று நோக்கினால் அது சதைப்பிடிப்பன்று, நீர்கோத்த வீக்கம்! பாலின் அளவைக் குறைத்ததும் வீக்கம் வடிந்தது. அதிகம் கொடுப்பது அன்பு ஆகிவிடாது. அளவறிந்து கொடுப்பதே அன்பு என்பதை அச்சிசுக்களே அவருக்குக் கற்பித்தன. மிகச் சிறிய குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சில கிராம் பால் போதும்; ஆனால் அதை அடிக்கடி தரவேண்டும்; தாய்ப்பாலே யாவற்றிலும் சிறந்தது. 1885-இல் குறைமாதக் குழந்தைகளின் பராமரிப்பைப் பற்றி அவர் மருத்துவக் கழகத்தின் முன் எடுத்துரைத்தபோது இம்முறையையும் விளக்கினார்.

மறக்கலாகாத கரங்கள்

இங்கே நாம் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். முறையை வகுத்தவர் தார்னியே. ஆனால் நள்ளிரவிலும் விழித்திருந்து, வெந்நீர்க் கலங்களை மாற்றி, நடுங்காத கையால் குழாயைச் செலுத்தி, துளித்துளியாகப் பாலூற்றியவர்கள் மருத்துவச்சிகளும் செவிலியருமே. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. 1893-இல் நலிந்த சிசுக்களுக்கென்றே ஒரு தனிப்பகுதி அங்கே அமைந்தபோதும், அதற்கு முன்னின்று உழைத்தவர் தலைமை மருத்துவச்சியாக இருந்த திருமதி ஆன்ரி என்பவரே. அறிவு வழிகாட்டலாம், பொறுமை உடன் நடந்தால்தான் ஊர் போய்ச் சேரலாம்.

தார்னியே 1884-இல் பேராசிரியரானார்; 1891-இல் மருத்துவக் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். 1897-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் பாரிஸில் இறைவனடி சேர்ந்தார். அவர் நினைவாக 1905-இல் அந்நகரில் எழுப்பப்பெற்ற சின்னத்தில் போர்வாளோ மணிமுடியோ இல்லை. பிள்ளை பெற்ற ஒரு தாயின் படுக்கையருகே அவர் நிற்பதாகவே சிற்பி வடித்திருக்கிறார்.

அவர் வழியில் வந்த பியேர் புதேன் அப்பணியை மேலும் வளர்த்தார். குழந்தையை மட்டும் காப்பாற்றித் தாயை விலக்கி வைத்தால் தாயின் பாசமும் தாய்ப்பாலும் வற்றிவிடுகின்றன என்று கண்டு, தாய்மாரையும் சிசுக்களின் அருகிலேயே இருக்கச் செய்தார்.

இன்னும் தொடரும் கேள்வி

தார்னியேவின் காலத்துக் கணக்கில் ஒரு குறையும் உண்டு. முன் ஆண்டுகளையும் பின் ஆண்டுகளையும் அவர்கள் ஒப்பிட்டார்களே தவிர, ஒரே காலத்தில் இரு பிரிவுகளை வைத்துச் சோதிக்கவில்லை. பிழைத்த குழந்தையைக் காத்தது சூடா, பாலா, செவிலியின் கவனமா என்று தனித்தனியே பிரித்துச் சொல்ல இயலவில்லை. எவ்வளவு பால், எவ்வளவு விரைவில் என்ற கேள்வியும் முழுமையாகத் தீரவில்லை.

அக்கேள்வி நம் காலத்திலும் ஆராயப்படுகிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,804 குறைமாதக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 18 மில்லி வீதமும், மற்றதற்கு 30 மில்லி வீதமும் பாலைக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். விரைவாகக் கூட்டினால் குடல் நோய் வருமோ, மெதுவாகக் கூட்டினால் வளர்ச்சி குன்றுமோ என்பது மருத்துவர்களின் நெடுநாள் கவலை. இரண்டு வயது வரை அக்குழந்தைகளைக் கவனித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஊனமின்றிப் பிழைத்திருப்பதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டுள் எதனையும் அஞ்ச வேண்டுவதில்லை என்ற தெளிவு பிறந்தது. தம் பிள்ளைகளை அவ்வாய்வில் சேர்க்க இசைந்த பெற்றோர், முகமறியாத பிற பிள்ளைகளுக்கும் நன்மை செய்தவர்களாயினர்.

குழாயும் இன்று மாறிவிட்டது. ரப்பருக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக். பெரும்பாலும் மூக்கின் வழியாகச் செலுத்திச் சில நாட்கள் அப்படியே விட்டுவைக்கிறார்கள். அது இரைப்பையில்தான் இருக்கிறதா என்று, உள்ளிருந்து சிறிது நீரை எடுத்து அதன் அமிலத்தன்மையைச் சோதித்த பின்பே பாலூட்டுகிறார்கள். குழாய் வழி தவறி நுரையீரல் பக்கம் சென்றால் உணவே நஞ்சாகிவிடுமல்லவா? குழந்தைக்கு உறிஞ்சும் வலு வந்ததும் குழாய் தன் கடமை முடிந்து விலகுகிறது. பிள்ளை தாயின் மார்புக்குத் திரும்புகிறது.

தோழியரே! இவை பிழைக்கப் பிறந்தவையல்ல என்று உலகம் ஒதுக்கிய உயிர்களை, தார்னியே பிழைக்க வைக்க வேண்டியவையாகக் கண்டார். ஆனால் இரக்கப்பட்டதோடு அவர் நிற்கவில்லை. எண்ணினார், ஒப்பிட்டார், தவற்றைக் கண்டபோது அளவைத் திருத்திக்கொண்டார். கண்ணீர் மட்டும் அச்சிசுக்களின் பசியைத் தீர்த்திருக்காது. கணக்கு மட்டும் அவர்களை மடியில் ஏந்தியிருக்காது. இரண்டும் சேர்ந்தபோதுதான் அவர்கள் பிழைத்தார்கள். நம்மிடையே நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் தாய்மாராகவும் விளங்கப்போகிறவர்கள் பலர். இரக்கமுள்ள இதயத்தையும் ஆராயும் அறிவையும் ஒருங்கே தந்தருளுமாறு இறைவனை வேண்டி, நம் கண்முன் உள்ள சிறியோருக்கு நம்மால் இயன்றதைச் செய்ய முயல்வோமாக!