கர்ப்பிணிகள் சாப்பிடும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை... பின்னணியில் ஒரு சென்னை மாணவர்! யார் இந்த சுப்பாராவ்?

ஆவடி பக்கம் முத்தாபுதுப்பேட்டையோ, அம்பத்தூரோ, பூந்தமல்லியோ... எந்த ஊராக இருந்தாலும், கர்ப்பம் உறுதியானதும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் முதல் மாத்திரைகளில் ஒன்று ஃபோலிக் ஆசிட். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாக உதவும் மாத்திரை இது.

இந்த ஃபோலிக் ஆசிட்டை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தியவர், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆனா, அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவே இல்லை. அவர்தான் எல்லப்பிரகட சுப்பாராவ்.

2 முறை ஃபெயில்... கதர் கோட்டு தகராறு

1895 ஜனவரி 12-ம் தேதி, அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார் சுப்பாராவ். 13 வயதில், காசிக்குப் போய் யாத்ரீகர்களிடம் வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். அம்மா விடவில்லை. பிடித்துக் கூட்டிவந்து படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷனில் 2 முறை தோற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து 3-வது முயற்சியில் பாஸ் ஆனார். பிறகு மாநிலக் கல்லூரி, அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி.

காந்தியின் அழைப்பை ஏற்று, ஆபரேஷன் தியேட்டருக்கும் கதர் துணியில் தைத்த அங்கியையே போட்டுப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கைக்கு வந்தது.

8 நாளில் 2 சகோதரர்கள்

சுப்பாராவின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ‘ஸ்ப்ரூ’ என்ற குடல் நோய். சாப்பிடும் சத்து உடம்பில் சேராமல், ரத்தசோகையில் ஆளை உருக்கிவிடும் நோய் இது. இதற்கு 8 நாள் இடைவெளியில் 2 சகோதரர்களைப் பறிகொடுத்தார். அவரையும் அந்த நோய் தாக்கியது. ஆயுர்வேத சிகிச்சை கொடுத்துக் காப்பாற்றினார் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி.

1922-ல் மாமனார் கொடுத்த பண உதவியோடு அமெரிக்கா போனார். பாஸ்டனில் ஆஸ்பத்திரியில் இரவு வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவைக் கண்டறியும் முறை, உடலின் எரிசக்தியான ஏ.டி.பி. பற்றிய ஆய்வு என்று பேர் வாங்கினார். ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார். அங்கே 1945-ல் அவரது குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற அதே ஸ்ப்ரூ நோய்க்கு இது மருந்தாகவும் ஆனது.

சரி, இதுக்கும் குழந்தையின் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

கரு உருவான 3-வது வாரத்தில், தட்டையான ஒரு செல் படலம் பாயைச் சுருட்டுவது மாதிரி சுருண்டு குழாயாக மாறுகிறது. இதுதான் நரம்புக்குழாய். இதன் மேல்பகுதி மூளையாகவும், கீழ்ப்பகுதி தண்டுவடமாகவும் வளரும். சுமார் 28-வது நாளுக்குள் இந்தக் குழாய் மூடியாக வேண்டும். மேலே மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுசாக உருவாகாது. கீழே மூடாவிட்டால் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கால்கள் செயலிழக்கலாம்.

ஆரம்பத்தில் இந்தக் குழாய்க்குள் ரத்தக்குழாயே கிடையாது. முதலில் அதைச் சுற்றி வெளியே ஒரு வலை மாதிரி ரத்தக்குழாய்கள் பின்னிக்கொள்ளும். மூளைச் செல்கள் பெருகி ஆக்சிஜன் போதாமல் போகும்போது, ஒருவித வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கும். அந்த சிக்னலைப் பிடித்து, வெளியே இருக்கும் ரத்தக்குழாய்கள் கிளைவிட்டு உள்ளே நுழையும். இவ்வளவு வேகமாகச் செல்கள் பிரியும்போது ஒவ்வொரு முறையும் புது டி.என்.ஏ. தேவை. அதைச் செய்ய ஃபோலேட் சத்து கட்டாயம்.

இதே உண்மையைத் திருப்பிப் போட்டும் பயன்படுத்தினார் சுப்பாராவ். ஃபோலேட்டைத் தடுத்தால் செல் பிரிவது நிற்கும். அப்படி அவரது குழு கொடுத்த அமினோப்டெரின் மருந்தை வைத்து, 1947-ல் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குச் சிகிச்சையைத் தொடங்கினார். இதன் அடுத்த வடிவமான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. கருவின் செல்களையும் தடுத்துவிடும் என்பதால் கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது.

அவர் பார்க்காத வெற்றி

1948 ஆகஸ்ட்டில், 53 வயதில் அமெரிக்காவிலேயே இறந்தார் சுப்பாராவ். ஊரில் விட்டுவந்த மனைவி சேஷகிரியைப் பார்க்க அவர் கடைசிவரை திரும்பவே இல்லை.

43 வருஷம் கழித்து, 1991-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஒரு ஆய்வு முடிவை வெளியிட்டது. ஏற்கெனவே நரம்புக்குழாய் பாதித்த குழந்தையைச் சுமந்த பெண்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டதில், பாதிப்பு மறுபடி வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது.

எப்போது தொடங்க வேண்டும்?

மாதவிடாய் தள்ளிப்போய் 2 வாரம் ஆவதற்குள் நரம்புக்குழாய் மூடும் வேலை முடிந்துவிடும். பலருக்கு அப்போதுதான் கர்ப்பம் என்றே தெரியவரும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் சாப்பிடத் தொடங்கி, கர்ப்பத்தின் முதல் 3 மாதம் வரை தொடரச் சொல்கிறார்கள். முன்பு பாதிப்பு இருந்தவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அளவு மாறலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.