குயவர் மகனுக்காகக் கிளப்பைக் கலைத்தவர்

காற்பந்து வரலாற்றில் ஒரு சர்வாதிகாரி இருந்தார் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அவருடைய பெயரே அதுதான். நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. வங்காளிகளின் உச்சரிப்பில் சர்பாதிகாரி. அது அவர்களுடைய குடும்பப் பெயர். இந்தியக் காற்பந்தின் தந்தை என்று போற்றப்படும் இவர், பெயருக்கு ஏற்றபடி ஒருமுறை அதிகாரமாக நடந்துகொண்டார். தாம் உருவாக்கிய கிளப்பைத் தாமே கலைத்தார். அதை அவர் எதற்காகச் செய்தார் என்பதுதான் இவர் வாழ்க்கையில் நாம் அறிய வேண்டிய பகுதி.

நாகேந்திர பிரசாத் 1869 ஆகஸ்டு 27-ஆம் நாள் பிறந்தார். தந்தை சூர்ய குமார் புகழ்பெற்ற மருத்துவர். அண்ணன் தேவபிரசாத் பின்னாளில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். படித்தவர்கள் நிறைந்த, வசதியான வீடு. அந்த வீட்டுப் பிள்ளைக்குக் காற்பந்து எப்படிப் பிடித்தது என்பதற்கு வங்காளத்தில் ஒரு கதை வழங்குகிறது.

1877-ஆம் ஆண்டு. எட்டு வயதுச் சிறுவன் தாயாருடன் குதிரை வண்டியில் கங்கைக்குக் குளிக்கப் போகிறான். வழியில் கல்கத்தாவின் பெரிய திடலில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பந்து விளையாடுகிறார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று பார்க்கிறான். பந்து உருண்டு அவன் காலடிக்கே வருகிறது. சிப்பாய் ஒருவர் உதைத்து அனுப்பும்படி கேட்க, சிறுவன் உதைக்கிறான். இந்தியர் ஒருவர் காற்பந்தை உதைத்தது அதுவே முதல் முறை என்று பலர் சொல்வதுண்டு. அதை யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தச் சிறுவன் அதன்பிறகு சும்மா இருக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

ஹேர் பள்ளியில் தன்னோடு படித்த நண்பர்களிடம் காசு திரட்டினான். கடைக்குப் போய் ஒரு பந்து வாங்கி வந்து, பள்ளித் திடலில் ஆளாளுக்கு உதைத்தார்கள். அவர்கள் வாங்கி வந்தது ரக்பிப் பந்து! அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்நாளில் கல்கத்தாவில் ஐரோப்பியர் ரக்பியும் விளையாடினார்கள். 1872-இல் தொடங்கிய கல்கத்தா காற்பந்து கிளப்பும் ரக்பி ஆடிய கிளப்தான். சில ஆண்டுகளில் அது கலைந்தபோது, கையிருப்பில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கிண்ணம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் மோதும் கல்கத்தா கிண்ணம் அதுதான்.

ஹேர் பள்ளிக்குப் பக்கத்தில் பிரசிடென்சி கல்லூரி. அங்கு பேராசிரியராக இருந்த ஸ்டாக் என்பவர் மாணவர்கள் ரக்பிப் பந்தோடு படும் பாட்டைக் கவனித்தார். உருண்டைப் பந்து ஒன்றைக் கொடுத்து, ஆட்ட விதிகளையும் கற்றுக் கொடுத்தார். அந்த மாணவர்களைச் சேர்த்து நாகேந்திர பிரசாத் ஒரு கிளப்பை அமைத்தார். பின்னர் கல்லூரியில் சேர்ந்தபோது மேலும் சில கிளப்புகளைத் தொடங்கினார். வெலிங்டன் கிளப் அவற்றுள் ஒன்று.

சோதனை அங்கேதான் வந்தது. மணி தாஸ் என்ற இளைஞர் வெலிங்டன் கிளப்பில் சேர விரும்பினார். நன்றாக விளையாடக் கூடியவர். ஆனால் அவர் குயவரின் மகன். கிளப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் வசதியான, மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள். மண் பிசைபவரின் மகனோடு ஒரே திடலில் ஆட அவர்களுக்கு மனம் வரவில்லை. எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

நாகேந்திர பிரசாத்துக்கு எளிய வழிகள் இருந்தன. மணி தாஸிடம் நயமாகப் பேசித் திருப்பி அனுப்பியிருக்கலாம். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டிருக்கலாம். பணமும் திடலும் ஆட்களும் உள்ள கிளப்பை ஒரே ஓர் ஆட்டக்காரருக்காக இழக்க வேண்டுமா என்று யோசித்திருந்தாலும் அன்று யாரும் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. அப்படிப்பட்ட கிளப் வேண்டியதில்லை என்று முடிவெடுத்து வெலிங்டன் கிளப்பையே கலைத்துவிட்டார். அப்போது அவர் இருபது வயதைக்கூட எட்டவில்லை. ஏறக்குறைய நம் வயது.

பிறகு சோபாபஜார் அரச குடும்பத்தின் ஆதரவோடு புதிய கிளப் ஒன்றைத் தொடங்கினார். அதுதான் சோபாபஜார் கிளப். சாதி பார்க்காமல் ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது என்பது அதன் கொள்கை. அதன் முதல் உறுப்பினர்களில் ஒருவர் மணி தாஸ்.

அந்த முடிவுக்குத் திடலிலும் பலன் கிடைத்தது. 1889-இல் கல்கத்தாவில் டிரேட்ஸ் கிண்ணப் போட்டி தொடங்கியது. 1892-இல் அந்தப் போட்டியில் சோபாபஜார் கிளப், கிழக்கு சர்ரே படைப்பிரிவின் குழுவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. பிரிட்டிஷ் இராணுவக் குழுவை இந்தியக் குழு ஒன்று முக்கியப் போட்டியில் தோற்கடித்தது அப்போதுதான். மோகன் பகான் 1911-இல் பெரும்பாலும் வெறுங்கால் ஆட்டக்காரர்களோடு ஆடி ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே இந்த வெற்றி வந்துவிட்டது.

1893-இல் இந்தியக் காற்பந்துச் சங்கம் அமைந்தது. 1898-இல் கல்கத்தா லீக் தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பழைய லீக் போட்டி இது. இங்கே நாகேந்திர பிரசாத் எதிர்த்துப் போராடிய அதே நோய் வேறு வடிவில் வந்தது. இம்முறை கதவைச் சாத்தியவர்கள் ஐரோப்பியர்கள். லீக்கில் இந்தியக் கிளப்புகளுக்கு இடமில்லை.

அது ஏன் பெரிய இழப்பு என்று கேட்கலாம். கிண்ணப் போட்டியில் ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். லீக் அப்படியல்ல. ஒவ்வொரு கிளப்பும் மற்ற எல்லாக் கிளப்புகளோடும் ஆடும். இன்று தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு. ஒரு குழு தவறுகளைத் திருத்திக்கொண்டு வளர்வது அங்கேதான். லீக்கிலிருந்து ஒதுக்கப்பட்டவர்கள் ஒரு கிண்ணத்தை மட்டும் இழக்கவில்லை, வளர்வதற்கான வாய்ப்பையே இழந்தார்கள்.

மோகன் பகானின் 1911 வெற்றிக்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1914-இல் மோகன் பகானும் ஆரியன் கிளப்பும் இரண்டாம் பிரிவில் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டே மோகன் பகான் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. ஆனாலும் முதல் பிரிவில் இரண்டு இந்தியக் கிளப்புகளுக்கு மேல் கூடாது என்பது விதி. 1920-இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால் கிளப் மேலே வரத் தகுதி பெற்றபோது இந்த விதி குறுக்கே நின்றது. விதியை மாற்றலாம் என்று பிரிட்டிஷ் கிளப்புகள் பல சம்மதிக்க, ஏற்கெனவே உள்ளே இருந்த மோகன் பகானும் ஆரியனும் எதிர்த்தன என்று ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. இதைப் படித்தபோது எனக்கு வெலிங்டன் கிளப்தான் நினைவுக்கு வந்தது. வெளியே நிற்கும் வலி தெரிந்தவர்களும் உள்ளே போனதும் அதை மறந்துவிடுகிறார்கள். ஒருவழியாக 1925-இல் அந்த விதி தளர்ந்து ஈஸ்ட் பெங்கால் முதல் பிரிவில் ஆடியது.

1934-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் முதல் பிரிவுக்கு வந்த முதல் ஆண்டிலேயே லீக்கை வென்றது. முதல் பிரிவை வென்ற முதல் இந்தியக் கிளப் அதுதான். லீக் தொடங்கி 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அதுவே வெற்றியாளர். 1939-இல் மோகன் பகானின் முறை வந்தது. ஐரோப்பியரின் சொத்தாக இருந்த லீக் இந்தியக் கிளப்புகளின் கைக்கு வந்துவிட்டது.

அதையும் பார்த்துவிட்டுத்தான் நாகேந்திர பிரசாத் 1940 ஜனவரி 17-ஆம் நாள் மறைந்தார். 2021-இல் அவருடைய வாழ்க்கை கோலந்தாஜ் என்ற வங்காளத் திரைப்படமாக வெளிவந்தது. அவர் தொடங்கிய சோபாபஜார் கிளப்போ மோகன் பகானைப் போலவும் ஈஸ்ட் பெங்காலைப் போலவும் உலகறிந்த பெயராக வளரவில்லை. கோல் கணக்கையும் கிண்ணங்களையும் மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் பெயர் பட்டியலின் மேலே வராது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் விடுதிகளுக்கு இடையே ஒரு லீக் நடக்கும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது, நன்றாக ஆடும் ஒருவரை நம்ம ஆள் இல்லை என்று ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது நானும் பேசாமல்தான் இருந்தேன். குழு உடைந்துவிடக் கூடாதே என்பதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். என் வயதில் ஒருவர், குழு உடைந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்.

அடுத்த பருவத்தில் ஆள் எடுக்கும் நாள் வரும். உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் அப்படி ஒரு நாள் வரும். திடலின் ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று அன்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நானும் பார்க்கப் போகிறேன்.