பெர்லின் போகப் பணம் இல்ல... ஊர் ஊரா ஆடியே ஒலிம்பிக் போன சீன கேப்டன்! யார் இந்த லீ வாய் டோங்?

1936 பெர்லின் ஒலிம்பிக். சீன கால்பந்து டீம் ரெடி, பயணச் செலவுக்குத்தான் காசில்லை. கேப்டன் லீ வாய் டோங் தலைமையில் சிங்கப்பூர், பர்மா, இந்தியா என 27 மேட்ச் ஆடி, அந்த வசூலில்தான் ஜெர்மனி போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஆடியது ஒரே மேட்ச். களைத்த கால்களோடு பிரிட்டனிடம் 2-0 தோல்வி. அவ்ளோதான், மூட்டை கட்டியாச்சு!

அடுத்த இரண்டு ஒலிம்பிக்கையும் உலகப்போர் விழுங்கிடுச்சு. ஸ்ட்ரைக்கரான லீக்கு வயசும் போச்சு. 1948 லண்டனுக்கு கோச்சாகப் போனார். துருக்கியிடம் 4-0 அடி.

ஆனாலும் மனுஷன் விடலை. 1954 மணிலா, 1958 டோக்கியோ என அடுத்தடுத்த ஆசிய விளையாட்டுகளில் இவர் பயிற்சியில் தங்கம், இரண்டு ஃபைனலிலும் வீழ்ந்தது தென்கொரியா. டீம் ஆடியது தைவான் தரப்புக்கு. வீரர்களோ பெரும்பாலும் லீயின் சொந்த ஊரான ஹாங்காங் பசங்க.