கற்றதை ஈந்த துறவி

பொருளும் பதவியும் வந்து சேர்ந்த பின்னும் உள்ளம் நிறையாது வருந்துவோர் பலரை நாம் காண்கின்றோம். கல்வி, யாத்திரை, குடும்பம், கொடை என்னும் நான்கினாலும் வாழ்வு நிறைவு பெறும் என்பர் பெரியோர். இந்நான்கினையும் ஒருவழிப்படுத்தி வாழ்ந்த ஒருவரை ஈழத்திலே தேடுவோமாயின் சுவாமி விபுலானந்தர் நம் கண்முன் தோன்றுவார். துறவிக்குக் குடும்பம் ஏது எனச் சிலர் வினவலாம். அதற்கு விடையும் அன்னாரது வரலாற்றிலேயே உண்டு.

கிழக்கிலங்கையின் கடலோரக் கிராமமாகிய காரைதீவிலே, 1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராக அடிகளார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். மட்டக்களப்பிலே ஆங்கிலக் கல்வி பயின்று, 1908ஆம் ஆண்டில், பதினாறாவது வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். பின்பு கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916ஆம் ஆண்டு அவரது கல்வியிலே சிறப்பான ஆண்டு. விஞ்ஞான டிப்ளோமாப் பரீட்சையிலும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பரீட்சையிலும் அவ்வாண்டிலேயே சித்தியெய்தினார். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியிலே இரசாயனம் கற்பித்தார். இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்று, 1920ஆம் ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

அக்காலத்திலே விஞ்ஞானப் பட்டதாரிகள் மிகச் சிலர். நல்ல ஊதியம், ஊரார் மதிப்பு, இல்லற வாழ்வு யாவும் அவருக்கு எளிதிற் கிட்டக்கூடியனவாயிருந்தன. ஆயினும் 1922ஆம் ஆண்டிலே அவற்றை நீக்கிச் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924ஆம் ஆண்டில், ஸ்ரீ இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடராகிய சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தரானார்.

துறவு பூண்டவர் காட்டிற்குச் செல்லவில்லை. பிறந்த நாட்டிற்கே திரும்பினார். மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலே மிஷன் பாடசாலைகளை வளர்க்கும் பாரத்தை ஏற்றார். மட்டக்களப்பு வாவியின் அருகே, கல்லடி உப்போடையிலே, தம் குருநாதரின் பெயரால் 1929ஆம் ஆண்டிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஆதரவற்ற சிறுவருக்கும் வறிய மாணவருக்கும் உண்டியும் உறையுளும் கல்வியும் அளிக்கும் இல்லங்களைப் பேணினார். தந்தையை இழந்த பிள்ளைக்குத் தந்தையாகவும், கற்க வசதியற்ற பிள்ளைக்கு ஆசானாகவும் நின்றார். சிறிய குடும்பத்தை விட்டவர் பெரிய குடும்பத்தைப் பெற்றார் என்பதே மேலே கூறிய வினாவிற்கு விடை.

1931ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக ஏற்றது. சிதம்பரத்தில் வாழ்ந்த நாளில், ஒதுக்கப்பட்டோர் வாழும் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கும் கல்வி புகட்டினார். பல்கலைக்கழகத்து மாணவரும் சேரிச் சிறுவரும் அவருக்கு வேறல்லர்.

அவர் யாத்திரைகளும் பயனுள்ளனவாயின. 1937ஆம் ஆண்டில் திருக்கைலாயத்தைத் தரிசித்தார். பின்பு இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்திலே தங்கி, பிரபுத்த பாரத என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராய்ப் பணிபுரிந்தார். 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார்.

எங்கு சென்றாலும் ஒரு வினா அவரை விட்டகலவில்லை. பழந்தமிழர் மீட்டிய யாழ் எத்தகையது? அது வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் துணையாகக் கொண்டு, தாம் கற்ற கணிதத்தையும் பௌதிகத்தையும் பயன்படுத்திச் சுரங்களின் அளவுகளை ஆராய்ந்தார். இளமையிலே வேறு வேறாகக் கற்ற விஞ்ஞானமும் தமிழும் இங்கே ஒன்றாயின. உடல்நலம் குன்றிய நாளிலும் அவ்வாராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். பல்லாண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக, 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே தஞ்சை நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அவர் ஆராய்ந்து கண்ட முறைப்படி அமைத்த யாழ்களும் அங்கே இசைக்கப்பட்டன. கேட்டோர் வியந்தனர்.

அடுத்த மாதம், ஜூலை 19ஆந் திகதி, அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அவர் திருமேனி சிவானந்த வித்தியாலய வளவிலே, பிள்ளைகள் ஓடியாடும் இடத்தருகிலேயே, சமாதி வைக்கப்பட்டது. அதுவே அவர் வீடு. அவர்களே அவர் சுற்றம்.

இளைஞர்காள்! பரீட்சையிலே தேறுவது நன்று. தூர தேசஞ் சென்று உயர்வதும் நன்று. ஆயின் கற்றதில் ஒரு பகுதியையேனும் கற்க வழியற்ற ஒரு பிள்ளைக்கு ஈயும்போதே கல்வி நிறைவெய்தும். பெரியோர்களே! பிள்ளைகள் பொதுப்பணிக்குச் செல்லும்போது, குடும்பத்திற்கு நட்டம் எனத் தடுக்காதிருப்போமாக. எம் சங்கத்தார் ஒவ்வொருவரும் இவ்வாண்டில் ஒரு பிள்ளைக்காவது எழுத்தறிவித்து உதவுவோமாயின், அதுவே அடிகளாருக்கு நாம் செய்யும் உண்மையான அஞ்சலியாகும்.