மிருதங்கத்தில் மணல் தூவியவர்

குழந்தைகளே, மிருதங்கத்தின் வலந்தலை நடுவே கருப்பாக ஒரு வட்டம் இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? அழகுக்கு வைத்தது என்றே நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அதன் ரகசியத்தை ஆராய்ந்தவர் சர் சி.வி. ராமன்.

1888-இல் திருச்சியில் பிறந்த அவர், 1907-இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். கை நிறையச் சம்பளம். ஆனாலும் அலுவலகம் போகும் முன்பும் வந்த பின்பும் ஆய்வுக்கூடமே கதி! 1917-இல் அந்த வேலையை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார்.

வெறும் தோலைத் தட்டினால் எழும் பல ஒலிகள் ஒன்றோடொன்று இசையாது. மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதியோடு ஒலிக்கிறது? 1920-இலேயே இதைப் பற்றி எழுதினார். 1930-இல் ஒளி ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற பிறகும் இதை மறக்கவில்லை. தோலின் மேல் மணலைத் தூவி அதிரச் செய்தார். அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கியது. கருப்பு வட்டத்தின் கனம்தான் அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, தந்தியில் பிறப்பது போன்ற ஐந்து இசைவான ஒலிகளைத் தருகிறது என்று 1934-இல் விளக்கினார்.