புச்சி பாபு யார்?

2024-இல் புச்சி பாபு கோப்பை ஆட்டங்கள் சேலத்திலும் நடந்தன. உங்களில் சிலர் பிள்ளைகளோடு வாழப்பாடி பக்கம் போய்ப் பார்த்திருப்பீர்கள். யார் அந்த புச்சி பாபு என்று அவர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

1868-இல் பிறந்தவர். பாரி கம்பெனிக்கு துபாஷாக இருந்த குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை. அவரை வளர்த்த ஆங்கிலேய ஆயாக்கள் சேப்பாக்கத்துக்கு ஆட்டம் பார்க்க அழைத்துப் போவார்கள். அங்கேதான் கிரிக்கெட் ஆசை பிடித்தது. ஆனால் அது வெள்ளைக்காரர்களின் கிளப். ஆட வரும் இந்தியர்களுக்கு பெவிலியனுக்குள் இடமில்லை, மரத்தடியில்தான் சாப்பாடு.

1888-இல், இருபது வயதுப் பையன், மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். ஆட வந்த இளைஞர்களுக்கு மட்டை, பந்து எல்லாம் தன் செலவில் வாங்கித் தந்து பழக்கினார். (ஒரு பிள்ளைக்கு கிரிக்கெட் கிட் வாங்கவே நாம் எவ்வளவு யோசிக்கிறோம்!) திறமை அப்போதும் நிறைய இருந்தது. இல்லாதது இடமும் சாமானும், கூட நின்று சொல்லித்தர ஓர் ஆளும்தான். கார் பார்க்கிங்கில் துரத்து வாங்கிக்கொண்டே ஆடும் நம் பிள்ளைகளுக்கும் குறை அதுவே. கண்ணாடி உடைந்த வீட்டுக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

1908-இல் இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோத ஓர் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். அதைப் பார்க்க அவர் இல்லை. நாற்பது வயதில் காலமானார். மறு ஆண்டே அவர் பெயரில் போட்டி தொடங்கியது. மகன் சி. ராமசாமி 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். 1936-இல், தன் நாற்பதாவது வயதில், மான்செஸ்டரில் இந்தியாவுக்காக டெஸ்ட் கிரிக்கெட்டும் ஆடினார்.